பூனை நடந்ததா, நடத்தப்பட்டதா?

தமிழ் இலக்கணத்தில் பள்ளி வகுப்பிலேயே கற்பிக்கப்படும் வேறுபாடு ஒன்று உண்டு. 'நடந்தாள்' என்பது தன்வினை. 'நடத்தினாள்' என்பது பிறவினை. முதலாவதில் செயலைத் தொடங்குபவளும் செய்பவளும் ஒருத்தியே. இரண்டாவதில் கால்கள் ஒருவருடையவை, செயலின் பிடி வேறொருவருடையது. வங்காளமும் இந்த வேறுபாட்டைச் சொல்லின் உருவத்திலேயே காத்து வைத்திருக்கிறது: 'ஹாண்டா' என்றால் நடத்தல், 'ஹாண்டானோ' என்றால் நடக்கச் செய்தல். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினைவடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஒருவன் பூங்காவில் நடப்பதற்கும் அவன் தன் நாயை நடத்திச் செல்வதற்கும் 'வாக்' என்ற அதே சொல்தான். அன்றாடப் பேச்சில் இதனால் கேடில்லை. சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும். ஆனால் ஓர் ஆய்வுத்துறை தன் முடிவுகளையே அந்த மங்கலுக்குள் வைத்துக்கொள்ளத் தொடங்கினால் கேடு உண்டு.

தண்டுவடம் அறுபட்ட விலங்குகளுக்கு மின்தூண்டலால் நடையை மீட்கும் ஆய்வில் இந்தக் கேடு நேர்ந்திருக்கிறது. அத்துறையின் கட்டுரைகள் பல, கட்டுப்பாட்டு உத்திகளை ஒப்பிடுகின்றன. எந்த நொடியில், எந்தத் தசைக்கு, எவ்வளவு மின்னோட்டம் செலுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் விதிகளே கட்டுப்பாட்டு உத்திகள். அளக்கப்படுவது, விலங்கின் கால்களைக் கருவி எவ்வளவு சீராக நகர்த்துகிறது என்பது. அறிவிக்கப்படுவதோ, 'நடை மீட்கப்பட்டது' என்பது. பிறவினையில் அளந்து தன்வினையில் அறிவிக்கும் இந்த வழக்கம் வெறும் சொற்பிழை அன்று. எந்த உத்தி சிறந்தது என்ற தீர்ப்பையே அது திரித்துவிடுகிறது.

நடை என்பது யாது என்பதை அறிய ஆய்வுக்கூடத்தைவிட நல்ல இடம் தெரு. கொல்கத்தாவின் நியூ டவுனில், பிஸ்வ பங்களா வாயில் வளைந்து நிற்கும் நார்கேல்பாகான் சந்திப்பை ஒருவர் கடந்து செல்வதை எண்ணிப் பார்க்கலாம். திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம். சாலைகள் அகலமானவை, நேரானவை. அப்படியிருந்தும் அவர் நடைபாதையின் விளிம்பில் இறங்குகிறார். மழைநீர் தேங்கிய இடத்தில் காலடியைக் குறுக்குகிறார். டோட்டோ ஒன்று திரும்புவதைக் கண்டு, தூக்கிய காலை முன்வைக்காமல் நிற்கிறார். அது போனபின் மீண்டும் தொடங்குகிறார். இத்தனையிலும் கால்கள் மாறிமாறி அசைவது ஒரு சிறு பகுதிதான். எப்போது தொடங்குவது, எப்போது நிற்பது, எங்கே வைப்பது என்ற முடிவுகளே மிகுதி. ஒப்பீட்டு ஆய்வுகளின் நடைமேடையில் விளிம்பும் இல்லை, நீரும் இல்லை, டோட்டோவும் இல்லை.

உத்திகளின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பது நியாயம். 1961இல் லிபர்சனும் உடன் ஆய்வாளர்களும் பக்கவாதத்தால் பாதம் தொங்கியவர்களுக்கு ஒரு கருவி அமைத்தனர். குதிகாலின் கீழ் ஒரு விசை. குதிகால் தரையை விட்டெழும்போது விசை திறக்கும், கணுக்காலை மேலே தூக்கும் தசைக்குரிய நரம்பு தூண்டப்படும். அது ஒரே ஒரு விதி. 'இது நிகழ்ந்தால் அதைச் செய்' என்ற உணர்வுவழிக் கட்டுப்பாட்டின் மிக எளிய வடிவம் அது. மறுபக்கம் நேரவழிக் கட்டுப்பாடு. 1911இல் கிரகாம் பிரவுன், தண்டுவடம் வெட்டப்பட்டு, காலிலிருந்து வரும் உணர்வுச் செய்திகளும் துண்டிக்கப்பட்ட பூனைகளில்கூட, எதிரெதிர்த் தசைகள் மாறிமாறிச் சுருங்குவதைக் கண்டார். தாளத்தைத் தண்டுவடமே பிறப்பிக்க வல்லது என்பது அதன் பொருள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஷெரிங்டன் காலசைவில் அனிச்சைச் செயல்களின் பங்கை விரிவாக எழுதியிருந்தார். கடிகாரம் ஆளுமா, உணர்வு ஆளுமா என்ற அந்தப் பழைய வழக்கையே இன்றைய கட்டுப்பாட்டு உத்திகள் கணினி மொழியில் தொடர்கின்றன.

அந்த வழக்கை நேர்மையாக விசாரித்த ஆய்வும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவ்ரெமோன், நார்ட்டன், முஷாவர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகளின் பின்னங்கால் தசைகளைத் தூண்ட மூன்று உத்திகள் ஒப்பிடப்பட்டன: முன்கூட்டி வகுத்த நேரப்படி இயங்குவது, உணர்விகளின் செய்திப்படி மட்டும் இயங்குவது, இரண்டையும் இணைப்பது. இணைந்த உத்தியே இடர்களை மேலாகத் தாங்கியது. இந்த ஆய்வின் சிறப்பு அதன் முடிவில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. மின்முனை வகை ஒன்று, விலங்கு வகை ஒன்று, மேடை ஒன்று. மாறியது உத்தி மட்டும். ஒப்பீடு என்ற சொல்லுக்கு அது தகுதியுடையது.

பின்னர் வந்தவை பலவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. கட்டுரைகளைவிட அவற்றைத் தொகுத்துக் கருத்தரங்குகளில் காட்டப்படும் அட்டவணைகளுக்குச் சற்றும் கிடையாது. ஒரு வரிசையில், தண்டுவடத்தின் தாளச் சுற்றைச் சிலிக்கான் சில்லில் அமைத்துப் பூனையின் கால்களை இயக்கிய 2008ஆம் ஆண்டு ஆய்வு. அடுத்த வரிசையில், தண்டுவடத்துக்குள்ளேயே நுண்கம்பிகளைப் பதித்துப் பூனைகளைச் சில நூறு மீட்டர் செல்லவைத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு. அதற்கடுத்து, தண்டுவட உறைக்கு மேலிருந்து தூண்டி, முற்றிலும் தண்டுவடம் அறுபட்ட எலிகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் தவறின்றி வைக்கச் செய்து, படிகளும் ஏறவைத்த 2014ஆம் ஆண்டின் மூடிய சுற்று ஆய்வு. அதன்கீழ், மூளையின் சமிக்ஞையைக் கம்பியின்றித் தண்டுவடத் தூண்டலோடு இணைத்து, காயமுற்ற ஆறாம் நாளிலேயே குரங்கின் காலை இயங்கச் செய்த 2016ஆம் ஆண்டு ஆய்வு. கடைசிப் பத்தியில் ஒரு சரிக்குறி அல்லது ஒரு விழுக்காடு. மேலிருந்து கீழே படிப்பவர், கட்டுப்பாட்டு உத்தி வளர்ந்துகொண்டே வருகிறது என்று எழுதிக்கொள்கிறார்.

அந்த வரிசைகளுக்கிடையே மாறியவை எவை? விலங்கு மாறியது. காயம் மாறியது: ஓரிடத்தில் முழு வெட்டு, ஓரிடத்தில் ஒருபக்க வெட்டு, ஓரிடத்தில் காயமே இல்லாமல் மயக்க மருந்து மட்டும். மின்முனை மாறியது. மின்முனை மாறுவது சிறு செய்தி அன்று. உடல் தன் தசையை இயக்கும்போது சோர்வைத் தாங்கும் சிறு இழைகளை முதலில் அழைக்கிறது. பெரிய, விரைவில் சோரும் இழைகள் பின்னரே வருகின்றன. தசைக்கோ நரம்புக்கோ வெளியிலிருந்து மின்னோட்டம் பாய்ச்சும்போது அந்த ஒழுங்கு குலைகிறது. பெரிய இழைகள் முன்னரே அழைக்கப்பட்டு, கால் விரைவில் தளர்கிறது. தண்டுவடத்துக்குள் தூண்டும்போது இயற்கை ஒழுங்குக்கு நெருக்கமாக இழைகள் அழைக்கப்படுவதால் சோர்வு குறைவு. ஆகவே, ஓர் ஆய்வில் கால்கள் நெடுந்தூரம் சென்றன என்றால், அந்த வெற்றி கட்டுப்படுத்தியுடையதா, கம்பியுடையதா? அட்டவணை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. குதிரையை மாற்றிவிட்டுச் சவுக்கைப் புகழ்வது போன்ற செயல் இது.

ஒரே விலங்கில் ஒப்பிட்டாலும் ஒரு பொறி உண்டு. காலையில் சோதிக்கப்பட்ட உத்திக்குப் புத்துணர்வுள்ள தசை கிடைக்கிறது; மாலையில் வந்த உத்திக்குத் தளர்ந்த தசை. எந்த உத்தி எந்த வரிசையில் சோதிக்கப்பட்டது, அந்த வரிசை விலங்குக்கு விலங்கு மாற்றப்பட்டதா என்பது ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய செய்தி. அந்த வாக்கியம் இல்லாத ஒப்பீட்டின் எண்களுக்கு எத்தனை தசமப் புள்ளிகள் இருந்தும் பயனில்லை.

இனி, மையமான குற்றச்சாட்டுக்கு வரலாம். மேற்சொன்ன பூனை ஆய்வுகளில் பூனை மயக்கத்தில் இருக்கிறது. அதன் உடல் தாங்கியில் தொங்குகிறது. ஒருபக்கத் தண்டுவடக் காயத்தைப் போலி செய்ய, ஒரு பின்னங்காலை ஆய்வாளர் தம் கையால் நடைச் சுழற்சியில் நகர்த்த, மறுகாலைக் கணினி தூண்டலால் இயக்கிய ஆய்வும் உண்டு. 2020இல் வெளியான அவ்வாய்வில் கணினி, பாவ்லோவ் விதிப்படி உணர்விகளிலிருந்து வரவிருப்பதைக் கணிக்கக் கற்றுக்கொண்டது. பொறியியலாகப் பார்த்தால் அது அழகான வேலை. கைமுறை அமைப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் அங்கே நடந்தவர் யார்? ஒரு கால் மனிதர் கையில், மறுகால் கணினியின் கணிப்பில், எடை தாங்கியின்மேல், பூனையோ உறக்கத்தில். தமிழில் இதற்குப் 'பூனை நடந்தது' என்று எழுத எந்த இலக்கண ஆசிரியரும் இசைய மாட்டார். ஆங்கிலத் தலைப்பு மட்டும் இசைந்துவிடுகிறது.

இதே கொல்கத்தா இந்தப் பாடத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டது. ஜகதீஷ் சந்திர போஸ் 1902இல் வெளியிட்ட நூலில், உயிருள்ளவற்றைப் போலவே உலோகமும் தூண்டலுக்கு மின்மறுவினை காட்டுவதையும் சோர்வதையும் பதிவு செய்தார். அதிலிருந்து அவர் உயிருக்கும் உயிரற்றதற்கும் இடையிலான ஒருமையை நோக்கிச் சென்றார். அவருடைய முடிவை ஏற்காதவரும் அந்தச் சோதனையிலிருந்து ஒன்றைக் கற்கலாம்: தகரமும் தரக்கூடிய மறுவினை, உயிருக்குத் தனிச்சான்றாக முடியாது. அவ்வாறே, உறங்கும் உடலும் தரக்கூடிய காலசைவு, நடைக்குத் தனிச்சான்றாக முடியாது. அவர் 1917இல் நிறுவிய போஸ் நிறுவனத்தின் வளாகம் ஒன்று நியூ டவுனை ஒட்டிய சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில் இன்று இயங்குகிறது. தூண்டலையும் மறுவினையையும் பற்றிப் பேசும் இளம் ஆய்வாளருக்கு முன்னோடியைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. மயக்க மருந்து கருணையின் பொருட்டு. இந்தியாவின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, தன் 17ஆம் பிரிவில், அறுவை சார்ந்த சோதனைகள் இயன்றவரை வலி உணராத அளவுக்கு மயக்கமூட்டியே செய்யப்பட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. விழித்திருக்கும் பூனையில் எல்லா உத்திகளையும் முதலிலிருந்தே சோதிக்க வேண்டும் என்று கோருவது அந்த மரபுக்கு எதிரானது. உறங்கும் விலங்கில் தொடங்குவது சரி. தொடங்குவதைத் தொடக்கம் என்று அழைக்காமலிருப்பதே தவறு. கருணைக்காகத் தரப்பட்ட மயக்கம், சோதனையின் எல்லையாகவும் பதிவாக வேண்டும். அது முறையியல் பகுதியில் ஒரு வரியாக ஒதுங்கிவிட, சுருக்கவுரையில் 'நடை' மட்டும் மிஞ்சுவதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

அதே சட்டப்பிரிவு, சிறு விலங்குகளிலேயே அதே முடிவைப் பெற முடியுமாயின் பெரிய விலங்குகளைத் தவிர்க்கச் சொல்கிறது. 'அதே முடிவு' என்ற சொற்களில்தான் சிக்கல். 2018இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. தண்டுவட உறைமேல் இடைவிடாது தூண்டும் உத்தி எலிகளில் நன்றாக வேலை செய்தது. மனிதரில் அதே உத்தி, காலின் நிலையை மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அறிவிக்கும் உணர்வுச் செய்திகளையே பெருமளவு மறித்தது. காரணம் எளியது. செயற்கைத் துடிப்பு நரம்பிழையில் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. மனிதக் காலின் நரம்பிழை நீளமானது. ஏறிவரும் இயற்கைச் செய்தி வழியில் எதிர்த்துடிப்போடு மோதி அழிய வாய்ப்பு மிகுதி. எலியின் இழை குறுகியது, மோதல் குறைவு. விளைவு, தூண்டல் நிகழும்போது தம் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வே மனிதருக்கு மங்கியது. எலி அட்டவணையில் முதலிடம் பெற்ற உத்தி, மனிதரில் நடைக்கு வேண்டிய ஒன்றையே பறித்தது. பின்னர் இடத்தையும் நேரத்தையும் பகுத்துத் தூண்டும் உத்தி அந்த இடத்துக்கு வந்தது. அதே ஆண்டில் லௌசானில் தண்டுவடக் காயமுற்ற மூவர் அந்த வழியில், மாதக்கணக்கான பயிற்சியுடன், செயலிழந்த தசைகள்மேல் தம் விருப்பப்படியான ஆட்சியை ஓரளவு திரும்பப் பெற்றனர்.

இதிலிருந்து விலங்காய்வே வீண் என்று முடிவு கட்டுவது பிழை. எலிகளும் குரங்குகளும் இல்லாமல் 2018 வந்திருக்காது. மூளையையும் தண்டுவடத்தையும் கருவியால் இணைத்து ஒருவர் தம் விருப்பப்படி நின்று நடந்ததை அறிவித்த 2023ஆம் ஆண்டின் நேச்சர் கட்டுரையும் வந்திருக்காது. கற்க வேண்டியது வேறு: விலங்கில் கிடைப்பது ஓர் உத்தி இயங்கும் காரணத்தைப் பற்றிய அறிவு, உத்திகளின் தரவரிசை அன்று. காரணம் இனம் விட்டு இனம் கடக்கும், எங்கே பொருந்தாது என்பதையும் அதுவே சொல்லும். தரவரிசை கடக்காது. தரவரிசைக்காக மட்டும் செய்யப்படும் ஒப்பீட்டு ஆய்வு, கடந்துசெல்லும் பகுதியை விட்டுவிட்டுக் கடக்காத பகுதியை வெளியிடுகிறது.

அதற்கு விலை கொடுப்பவை விலங்குகள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று நெறிகளோடு, இந்தியாவின் விலங்குச் சோதனைக் கண்காணிப்புக் குழு மறுவாழ்வு என்ற நான்காவதையும் சேர்த்திருக்கிறது. நிறுவன நெறிக்குழுவின் படிவத்தில் எத்தனை விலங்குகள் என்ற கட்டம் உண்டு. அந்த எண்ணிக்கையால் எந்தக் கேள்வி தீர்க்கப்படும் என்பதையும் அதே கடுமையோடு கேட்க வேண்டும். எதையும் தீர்மானிக்க இயலாத ஒப்பீட்டில் ஆறு பூனைகள் என்றால் ஆறும் மிகை. மூன்றாகக் குறைத்தாலும் மூன்றும் மிகைதான்.

விலை கொடுக்கும் இன்னொரு தரப்பு, காத்திருக்கும் மனிதர்கள். 'நடை மீட்பு' என்ற தலைப்பு நாளிதழை எட்டும்போது, சக்கர நாற்காலியில் இருப்பவரின் வீட்டில் அது தன்வினையாகவே படிக்கப்படுகிறது. அவர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்பதும் அறியப்படாத செய்தி அன்று. 2004இல் கிம் ஆண்டர்சன் வெளியிட்ட, 681 பேர் பங்கேற்ற ஆய்வில், கைகளும் செயலிழந்தவர்கள் கையின் இயக்கத்தையே முதலில் வேண்டினர். கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் பாலியல் செயல்பாட்டை முதலில் வைத்தனர். சிறுநீர், மலம் கழித்தலின் கட்டுப்பாடு இரு தரப்பிலும் முன்வரிசையில் நின்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக வழிவகுத்தார். அவருடைய வாழ்வை 'நடக்க இயலாதவர்' என்ற ஒற்றைச் சொல்லால் அளப்பவர் எதையும் அளக்கவில்லை. நடையை ஆராய்வது தகும்; அதையே எல்லாருடைய ஒரே ஏக்கமாக முன்னுரையில் எழுதி நிதி கேட்பது தகாது.

மாற்று வழி கடினமானதன்று. ஒரு கட்டுப்பாட்டு உத்தி மற்றொன்றைவிடச் சிறந்தது என்று எழுதும் ஒவ்வொருவரும் நான்கு கேள்விகளுக்குச் சுருக்கவுரையிலேயே விடை சொல்லட்டும். உடலின் எடையை யார் சுமந்தது? தொடங்கவும் நிற்கவும் முடிவெடுத்தது யார்? உத்தியைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்பதற்கும், சோதித்த வரிசை முடிவைப் பாதிக்கவில்லை என்பதற்கும் சான்று என்ன? ஒவ்வோர் உத்தியும் எந்த இடத்தில், எவ்வாறு தோற்றது? இவற்றுள் கடைசிக் கேள்வியே முதன்மையானது. நேரவழி உத்தி, கால் தரையைத் தொடாதபோதும் தொட்டதாக எண்ணி அடுத்த கட்டத்துக்குப் போகிறது. உணர்வுவழி உத்தி, எதிர்பார்த்த செய்தி வராவிட்டால் உறைந்து நிற்கிறது. கற்கும் உத்தி, கற்காத நிலத்தில் தவறாகக் கணிக்கிறது. ஒருவர் எந்த உத்தியை நம்பித் தெருவில் இறங்கலாம் என்பதை அவற்றின் வெற்றிகள் சொல்வதில்லை. இந்தத் தோல்விகளின் வடிவமே சொல்கிறது.

சொல்லிலும் ஒழுங்கு வேண்டும். உறங்கும் விலங்கின் கால் தூண்டலால் அசைந்தால், 'தூண்டப்பட்ட அடிவைப்பு' என்று எழுதலாம். விழித்த விலங்கு எடைத்தாங்கியின் துணையோடு அசைந்தால், 'தாங்கலுடன் கூடிய அடிவைப்பு'. தொடங்கவும் நிற்கவும் அவ்விலங்கே தீர்மானித்தால் மட்டும் 'நடை'. தமிழில் ஆய்வேடு எழுதுபவருக்கு இது கூடுதல் உழைப்பு அன்று. மொழியே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர் மட்டும் தம் மொழி மறைப்பதை முயன்று வெளிக்கொணர வேண்டும்.

நார்கேல்பாகான் சந்திப்பில் டோட்டோவுக்காகக் காலை நிறுத்தியவர் ஒரு நொடியில் செய்ததை எந்தக் கட்டுப்படுத்தி எந்த அளவுக்குச் செய்கிறது என்று கேட்பதே உண்மையான ஒப்பீடு. அதில் இன்றைய உத்திகள் அனைத்தும் குறைந்த மதிப்பெண்ணே பெறும். பெறட்டும். அந்த மதிப்பெண்ணை மறைக்காமல் வெளியிடும் ஆய்வேடு, அடுத்த ஆய்வாளருக்கு எங்கே தொடங்குவது என்று காட்டும். உயிர் கொடுத்த விலங்குகளுக்கு அத்துறை செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடனும் அதுவே.